நிச்சயமற்ற காலத்தில் வளரிளம் பிள்ளைகளின் மனநலம்: கொங்குப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களின் மீதான இறக்குமதி வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. எந்தக் கம்பெனியில் ஆர்டர் நின்றது, எங்கே ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகக் குறைந்தது, சனிக்கிழமைச் சம்பளம் யாருக்குத் தள்ளிப்போனது என்று பெரியவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வீடுகளில் ஒன்பதாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், அந்தப் பேச்சை அரைகுறையாகக் காதில் வாங்கி, மீதியைத் தாங்களாகவே இட்டு நிரப்பிக்கொண்டிருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. கூலி உயர்வு கேட்டுச் சோமனூர், பல்லடம் பகுதிகளில் தறிகள் நிற்கும் நாட்களிலும், வேர் வாடல் நோயால் தென்னைகளை வெட்டித் தள்ள நேர்ந்த பொள்ளாச்சி, ஆனைமலைத் தோட்டங்களிலும் இதுவே நடக்கிறது.

இந்த வழிகாட்டி 13 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும், அவர்களோடு பழகும் உறவினருக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. உலகில் 10 முதல் 19 வயதுக்குட்பட்ட ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் சுமார் 7.3 சதவீதத்தினருக்கு அப்படி ஒரு பாதிப்பு இருப்பதாகக் கணித்தது. நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பறையில் இரண்டு மூன்று பேர் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படியெல்லாம் வராது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

தொடங்குவதற்கு முன் ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் படிகளில் பெரும்பாலானவை அதன்மேல்தான் நிற்கின்றன. 1980-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலத்தின் விலை சரிந்து, வட்டி ஏறி, ஏராளமான விவசாயக் குடும்பங்கள் கடனில் சிக்கின. 1989 முதல் அங்கே 450-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பணக்கஷ்டம் பெரும்பாலும் நேராகப் பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை என்பது தெரியவந்தது. அது முதலில் தாய் தந்தையரை மனச்சோர்வுக்கு ஆளாக்கியது. அவர்களுக்குள் சண்டை மூண்டது. பிள்ளைகளிடம் கடுமையும் பாராமுகமும் கூடின. அந்த வழியாகவே பிள்ளைகளின் மனம் பாதிக்கப்பட்டது. கடனையும் வரியையும் ஒரு குடும்பத்தால் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் நடுவில் இருக்கும் அந்தச் சண்டையும் மௌனமும் நம் கையில் இருக்கின்றன. அதனால்தான் இந்த வழிகாட்டி பிள்ளையிடமிருந்து தொடங்காமல் பெரியவர்களிடமிருந்து தொடங்குகிறது.

முதல் படி: வீட்டுப் பெரியவர்களின் பதற்றத்தைச் சீர்செய்தல்

கணவனும் மனைவியும் கடன், வட்டி, சீட்டு, ஃபைனான்ஸ் தவணை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கு வாரத்தில் ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருக்கும் மாலையோ, தோட்டத்தில் தண்ணீர் கட்டப் போகும் நேரமோ எதுவானாலும் சரி. அந்த நேரத்திற்கு வெளியே, குறிப்பாகச் சோறு போடும்போதும் படுக்கப் போகும்போதும், அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவரும் உடன்பட வேண்டும். இரண்டே அறை உள்ள லைன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுப்பாகப் பேசினால் பிள்ளைக்குக் கேட்காது என்று நினைப்பது தவறு. அப்படிப் பேசும்போது அதன் காது இன்னும் கூர்மையாகிறது.

சண்டையே வரக்கூடாது என்பது நடக்கிற காரியமில்லை. பிள்ளை முன்னால் சண்டை வந்துவிட்டால், அது முடிந்ததையும் பிள்ளை பார்க்க வேண்டும். "அம்மாவும் நானும் நேத்து சத்தம் போட்டுக்கிட்டோம், இப்ப பேசித் தீத்துக்கிட்டோம்" என்று மறுநாள் ஒரு வாக்கியம் சொல்வது போதும். குடி இருக்கும் வீடுகளில் இந்தப் படி மற்ற எல்லாவற்றையும் விடக் கடினமானது. தொழில் நொடிந்த காலத்தில் குடி கூடுவது இயல்பாக நடப்பதால் அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பிள்ளையின் மனநலத்திற்காக ஒரு தகப்பன் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, குடியை நிறுத்துவதற்குத் தானே சிகிச்சை எடுத்துக்கொள்வதுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் குடிநோய்க்கும் சிகிச்சை உண்டு.

இரண்டாம் படி: உள்ளதை அளவோடு சொல்லுதல்

பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று மறைப்பது பாசத்தால்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எதுவும் தெரியாமல் இருப்பதில்லை. அப்பன் பகலில் வீட்டில் இருக்கிறார், அம்மாவின் கழுத்தில் செயின் காணோம், மாமன் வந்தால் திண்ணையில் தாழ்ந்த குரலில் நாயம் நடக்கிறது. இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பிள்ளை, உண்மையை விடப் பெரிய பயத்திற்கு வந்து சேர்கிறது. பல நேரங்களில் தன் படிப்புச் செலவுதான் காரணம் என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறது.

சொல்லும்போது நான்கு செய்திகள் இருந்தால் போதும்: என்ன நடந்திருக்கிறது, எது மாறப்போகிறது, எது மாறாது, எது பிள்ளையின் பொறுப்பில்லை. ஒரு கம்பெனியில் டெய்லராக இருக்கும் தகப்பன் சனிக்கிழமை இரவு இப்படிச் சொல்லலாம்: "கண்ணு, கம்பெனில ஆர்டர் கொறஞ்சு போச்சு. ரெண்டு மூணு மாசத்துக்கு அப்பனுக்குச் சம்பளம் பாதிதான் வரும். உன்ற ஃபீஸுக்கு எடுத்து வெச்சாச்சு, அதுக்கு நீ வெசனப்படாத. தீவாளித் துணி இந்த வருசம் ஒண்ணோட நிறுத்திக்கலாம். கடனை அடைக்கறது எங்க வேலை, நாங்க பாத்துக்கறோம்." இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு பிள்ளை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததும் சொல்வதாக வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். மொத்தக் கடன் எவ்வளவு, யார் வீட்டு வாசலில் வந்து என்ன பேசினார்கள் என்ற விவரங்களைப் பிள்ளையின் தலையில் ஏற்றத் தேவையில்லை. தாய் தன் துயரத்தையெல்லாம் மூத்த மகளிடம் கொட்டித் தீர்ப்பதும் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது. அந்தப் பெண் பொறுப்பானவளாகத் தெரிவாளே தவிர, அந்தச் சுமையை இறக்கி வைக்க அவளுக்கு இடமிருக்காது.

இந்தப் பகுதியின் குடும்பங்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பையும், 2020-இன் ஊரடங்கையும் தாண்டி வந்தவர்கள் இன்றைய பெற்றோர். அந்தக் காலத்தில் என்ன செய்தோம், எந்த வேலைக்குப் போனோம், யார் கை கொடுத்தார்கள், எதை விற்றோம், எப்போது மீண்டோம் என்பதைப் பிள்ளைகளுக்கு விவரமாகச் சொல்லுங்கள். "நாங்க படாத கஷ்டமா" என்று ஆரம்பித்தால் அது திட்டாகிவிடும். பயந்ததையும் தடுமாறியதையும் சேர்த்துச் சொன்னால்தான், கஷ்டத்திற்கு ஒரு முடிவு உண்டு என்பது பிள்ளைக்கு விளங்கும்.

பிள்ளைக்கு வீட்டில் ஒரு வேலை கொடுப்பதும் இந்தப் படியைச் சேர்ந்தது. கரண்ட் பில் கட்டுவது, மாதச் சாமான் பட்டியல் போட்டுச் சிக்கனம் பார்ப்பது, ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது போன்ற, முடிவு கண்ணுக்குத் தெரியும் வேலையாக அது இருக்கட்டும். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணத்தை இது குறைக்கும். படிப்பை நிறுத்திச் சம்பாதிக்க அனுப்புவது வேறு விஷயம். 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்துவதையும், 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதையும் 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது. அதற்கும் மேலாக, கஷ்டகாலத்தில் "ஒரு வருஷம் மட்டும்" என்று நின்ற பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போவது அரிது.

மூன்றாம் படி: மாற்றத்தைக் கவனித்தல்

வளரும் வயதில் எரிச்சலும் தனிமையும் இருப்பது இயல்பு. உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் முன்னதாகவே வேகமெடுத்துவிட, அவற்றைக் கட்டுப்படுத்தித் திட்டமிடும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. எனவே ஒரு நாள் கதவை அறைந்து சாத்தியதை நோயென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையின் வழக்கமான இயல்பிலிருந்து ஒரு மாற்றம் ஏற்பட்டு, அது இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்து, படிப்பையோ தூக்கத்தையோ சாப்பாட்டையோ நட்பையோ கெடுத்தால் அப்போது கவனம் தேவை.

மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வயதில் அது பெரும்பாலும் கோபமாகவும் எரிந்து விழுவதாகவும் தெரியும். "திமிரு புடிச்சுப் போச்சு" என்று வீட்டில் பெயர் வாங்கும் பையன்களில் சிலர் உண்மையில் மனச்சோர்வில் இருப்பவர்கள். சில பிள்ளைகளுக்கு அது உடம்பில் வெளிப்படுகிறது: திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்று வலி, பரிசோதனையில் ஒன்றும் தெரியாத தலைவலி, படபடப்பு, மூச்சு முட்டல். இதை நடிப்பு என்று தள்ளக்கூடாது. வலி உண்மையானது, காரணம் மட்டும் வேறிடத்தில் இருக்கிறது. கபடிக்கோ கிரிக்கெட்டுக்கோ கூப்பிட்டால் போகாமல் இருப்பது, முன்பு பிடித்தது எதிலும் பிடிப்பில்லாமல் போவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது, தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொல்வது ஆகியவற்றை உடனே பொருட்படுத்த வேண்டும். அமைதியாக, சொன்னதைச் செய்துகொண்டு, நல்ல மார்க் வாங்கிக்கொண்டு இருக்கும் பிள்ளையையும் விட்டுவிட வேண்டாம். யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளையின் துயரம்தான் கடைசியாகக் கண்ணில் படுகிறது.

நான்காம் படி: பேச வைத்தல்

"இங்க வந்து உக்காரு, உனக்கு என்ன பிரச்சனை, சொல்லு" என்று எதிரே உட்கார வைத்துக் கேட்டால் பதில் வராது. முகத்தை நேருக்கு நேர் பார்க்கத் தேவையில்லாத இடங்களில் பிள்ளைகள் பேசுகிறார்கள். டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, கடலைக்காய் உரிக்கும்போது, இரவில் மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது பேச்சு தானாக வரும். அப்போது கேட்பதும் நேரடியான கேள்வியாக இருக்க வேண்டாம். "ரெண்டு மூணு வாரமா நீ சரியாச் சாப்பிடறதில்லைன்னு பாத்துட்டிருக்கறேன், மனசுல ஏதாச்சும் இருக்குதா சாமி?" என்று நீங்கள் கண்டதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு வரும் மௌனத்தை நீங்கள் நிரப்பக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். "ஒண்ணுமில்லை" என்றால், "சரி, எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு" என்று விட்டுவிட்டு, நாலைந்து நாளில் மறுபடி கேளுங்கள்.

பிள்ளை வாய் திறந்தபின் அறிவுரை சொல்லும் ஆசையை அடக்குவதுதான் பெற்றோருக்கு மிகக் கஷ்டமான பகுதி. "இதுக்கெல்லாமா வெசனப்படுவாங்க" என்று ஆறுதலாகச் சொல்வதுகூடப் பேச்சை அடைத்துவிடும். கேட்டதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள்: "கிளாஸ்ல எல்லாரும் முன்னால போறாங்க, நீ மட்டும் நின்னுட்ட மாதிரி இருக்குது, அதானே?" புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்தால் பிள்ளை அடுத்ததைச் சொல்லும். பெரியப்பன் மகன் டாக்டருக்குப் படிப்பதையும், பக்கத்துத் தோட்டத்துப் பெண் மாவட்டத்தில் முதலாவதாக வந்ததையும் அந்த நேரத்தில் நினைவுபடுத்த வேண்டாம். கொங்கு வீடுகளில் சின்னப் பிள்ளைகளையும் "வாங்க சாமி, சாப்புடுங்க" என்று மரியாதையாகக் கூப்பிடும் பழக்கம் உண்டு. அந்த மரியாதையைப் பதினாறு வயதுப் பிள்ளையிடமும், சண்டையின் நடுவிலும் தொடர முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

காதல் விஷயம் தெரியவந்தால் பல வீடுகளில் முதலில் போன் பிடுங்கப்படும், பிறகு பள்ளிக்கூடம் நிறுத்தப்படும், அதன்பின் கல்யாணப் பேச்சு எழும். 18 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, பிள்ளை தன் உயிரைப் பற்றித் தவறாக முடிவெடுக்கும் அபாயம் அந்தச் சில நாட்களில்தான் கூடுகிறது. அடிக்காமல், ஊரைக் கூட்டாமல், பிள்ளை நம்பும் ஒருவரை வைத்துப் பேசுவதே அப்போது பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: தூக்கமும் உடலும்

13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போவதால் அவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வருவதில்லை. அதன்மேல் காலை ஐந்து மணி ஸ்டடியும் இரவு பதினொரு மணி வரை போனும் சேர்ந்தால் மனம் கெடாமல் இருப்பது கடினம். எல்லோருடைய போனும், பெற்றோருடையதும் சேர்த்து, இரவு பத்து மணிக்கு ஒரே இடத்தில் சார்ஜில் போடப்படட்டும். வீட்டை ஒட்டித் தறி ஓடும் குடும்பங்களில், படிக்கும் பிள்ளைக்குத் தறிக்குடோனிலிருந்து தள்ளி இருக்கும் அறையைக் கொடுங்கள். தேர்வு மாதங்களில் இரவு ஷிப்டைக் குறைக்க முடிந்தால் நல்லது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சைக்கிளில் பள்ளிக்குப் போவதாகவும் இருக்கலாம்.

ஆறாம் படி: மார்க், விடுதி, ரிசல்ட் நாள்

நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரங்களின் தங்கிப் படிக்கும் பள்ளிகளைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அங்கே நன்றாகப் படித்து முன்னேறியவர்கள் இருக்கிறார்கள்; அந்த ஓட்டத்தில் உள்ளுக்குள் உடைந்தவர்களும் இருக்கிறார்கள். சேர்ப்பதற்கு முன் பிள்ளையை நேரில் அழைத்துப் போய்க் காட்டி, அதன் சம்மதத்தைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம் தூங்க விடுகிறார்கள், விளையாட்டு நேரம் உண்மையில் உண்டா, மார்க் குறைந்தால் என்ன செய்வார்கள், பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் பேசலாமா, ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமையில் முதல் கேள்வி மார்க்கைப் பற்றியதாக இருக்க வேண்டாம். கொண்டு போன சோற்றைச் சாப்பிட வைத்து, யாரோடு சிநேகம், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். "என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று ஒரு பிள்ளை தொடர்ந்து சொன்னால், கட்டிய பணத்தைப் பார்க்காமல் கூட்டி வந்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ரிசல்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே, எந்த மார்க் வந்தாலும் என்ன செய்வது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி வையுங்கள். பிளஸ் டூவில் தவறினால் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம் என்பதும், பாலிடெக்னிக், ஐடிஐ வழியாகவும் பட்டப்படிப்புக்குப் போய்ச் சேர முடியும் என்பதும், நீட் தேர்வைத் தவிர எத்தனையோ மருத்துவம் சார்ந்த படிப்புகள் உண்டு என்பதும் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கையில் பணமில்லாத ஆண்டில் இந்தச் செய்தி படிப்பை நிறுத்தாமல் காக்கலாம். ரிசல்ட் அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். உறவினர் போன் போட்டு மார்க் கேட்டால், பதில் சொல்வது பெற்றோரின் வேலை.

ஏழாம் படி: வீட்டுக்கு வெளியே இன்னொரு பெரியவர்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சிதைவு ஆகியவற்றின் நடுவே வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் காணப்பட்ட பொதுவான அம்சங்களில் முக்கியமானது, தங்களை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது அவர்களுக்குக் கிடைத்திருந்தார் என்பது. அவர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ போதும். மனஉறுதி என்பது பிறவிக்குணம் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஆய்வு நல்ல பதில்.

நம் ஊரில் அப்பாருவும் (அப்பாவைப் பெற்ற தாத்தா) அம்மிச்சியும் (அம்மாவைப் பெற்ற பாட்டி) தாய்மாமனும் இருக்கிறார்கள். பிள்ளை யாரிடம் தானாகப் போய் உட்காருகிறது என்று பாருங்கள். அவரிடம் நிலைமையைச் சொல்லி, வாரம் ஒருமுறை பிள்ளையோடு பேசச் சொல்லுங்கள். பேசியதை உங்களிடம் வந்து ஒப்பிக்கக் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த உறவுகள் பக்கத்தில் இல்லை. அவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்கக்கூடியவர் வகுப்பாசிரியர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நேத்து ஏன் வரலை, உடம்பு நல்லா இருக்குதா" என்று கேட்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய பிடிமானம்.

எட்டாம் படி: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் உறுதி செய்துள்ளன, கேட்கப்படுவதே பல பிள்ளைகளுக்கு ஆசுவாசம். குரலை உயர்த்தாமல், "உசுரோடவே இருக்க வேண்டாம்னு எப்பவாச்சும் தோணுதா கண்ணு?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். "சொன்னது நல்லதாச்சு, நாங்க கூட இருக்கறோம்" என்று சொல்லி, அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையைத் தனியாக விடாமல் இருங்கள்.

தோட்டத்து வீடுகளில் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து எதுவும் தோட்டத்துச் சாளையிலோ (கொட்டகையிலோ) மோட்டார் ரூமிலோ கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. மீதமாகும் மருந்தை வைத்திருக்காமல் தேவைக்கு மட்டும் வாங்குவதும், வைத்தே தீர வேண்டுமென்றால் பூட்டிச் சாவியை ஒரு பெரியவர் இடுப்பில் வைத்திருப்பதும் உயிர் காக்கும். தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவுக்கும் இது பொருந்தும். கொடிய பூச்சிமருந்துகளை இலங்கை படிப்படியாகத் தடை செய்ததைத் தொடர்ந்து, 1995-க்கும் 2005-க்கும் இடையில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாகும் எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெற்றோரும் கூப்பிட்டு வழி கேட்கலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, மாணவர்களுக்கான 14417 ஆகியவற்றையும் போனில் பதிந்து வையுங்கள். பிள்ளை ஏதேனும் சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் எதுவும் செய்யாமல் 108-ஐக் கூப்பிட்டு, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்ற தயக்கத்தில் நேரத்தை வீணாக்கக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையின் துயரத்திற்குக் காரணம் பாலியல் தொந்தரவு என்று தெரியவந்தால், செய்தவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் மூடி மறைக்காமல் 1098-க்குச் சொல்லுங்கள். பிள்ளையை முதலில் நம்புங்கள்.

ஒன்பதாம் படி: சிகிச்சைக்குக் கூட்டிச் செல்லுதல்

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சேலம், கரூர், திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் உதவி கிடைக்கும். முதல் நாளில் பெரும்பாலும் பேச்சுதான்: பிள்ளையிடம் தனியாகவும் பெற்றோரிடம் தனியாகவும் கேட்பார்கள். பிள்ளையைத் தனியே பேச விட வேண்டும், வெளியே வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்ன" என்று குடையக் கூடாது. லேசான பாதிப்புகளுக்கு ஆலோசனை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை தரப்பட்டால், மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், கொஞ்சம் நன்றாகிவிட்டது என்று தாங்களாக நிறுத்தக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். தொடங்கிய ஆரம்ப வாரங்களில் பிள்ளையின் நடவடிக்கையைக் கூடுதலாகக் கவனித்து, பதற்றமோ சாகும் எண்ணமோ அதிகமானால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொள்வதும் கயிறு கட்டுவதும் குடும்பத்திற்குத் தெம்பு தருமானால் செய்யுங்கள். மருத்துவரிடம் போகும் நாள் அதனால் தள்ளிப்போகக் கூடாது. ஊருக்குத் தெரிந்தால் நாளைக்குப் பெண் எடுக்க, கொடுக்க யோசிப்பார்களே என்பதுதான் பலரைத் தடுக்கிறது. சிகிச்சை விவரங்களை மருத்துவமனை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் அதே சட்டம் தரும் உரிமை. யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) எல்லோருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சிகிச்சைக்குப் பின் பள்ளிக்குத் திரும்பும் முதல் வாரத்தையும் திட்டமிட வேண்டும். பிள்ளையின் சம்மதத்தோடு வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, விட்டுப்போன பாடங்களை ஒரேயடியாகத் திணிக்காமல் பிரித்துத் தரும்படி கேளுங்கள். முதல் சில நாட்கள் அரை நாள் வகுப்பு போதுமா என்றும் பேசிப் பாருங்கள். "ஏன் வரலை" என்று சிநேகிதர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு ஒரு சிறு பதிலை வீட்டிலேயே தயார் செய்து வைத்தால், "உடம்பு சரியில்லை, இப்பப் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை தன் பெஞ்சில் போய் உட்கார முடியும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையோடு கூடப் போங்கள்.